சப்ஜாக் கதிர்

"தைக்கறதுக்கே நேரம் இல்லேன்றே. செடிக்குத் தண்ணி ஊத்த மட்டும் எங்கேருந்து நேரம் வருது?"

பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு நோன்பு திறக்க வந்த பஷீருதீன், வந்ததும் வராததுமாக மனைவியிடம் எரிந்து விழுந்தான்.

ஹபீபா தைத்துக்கொண்டே இருந்தாள். பெருநாளுக்குப் பதினைந்தே நாள். தெருவே அவளுடைய தையல் மிஷினை நம்பியிருந்தது. நாலு ஜாக்கெட்டுக்கு ஒருதரம் மூச்சு வாங்க எழுந்து, கொல்லையில் மண்ணெண்ணெய்த் தகரங்களில் வளர்த்த சப்ஜாச் செடிகளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். இந்த வெயிலில் ஒன்று கருகினாலும் அன்றைக்கு அவளுக்குக் கை ஓடாது. பெருநாள் தாண்டியும் அவை பசேலென்று நிற்க வேண்டும். மற்றதையெல்லாம் அவனிடம் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

பஷீருதீனுக்கு நேரம் என்பதே கிடையாது. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்குமாக பஸ் ஓட்டுகிறவன். ஒழுகுகிற ஓட்டை மாற்றுவதானாலும் சரி, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதானாலும் சரி, "பெருநாள் கழியட்டும்" என்பான். போன வாரம் அவள் தனியாகவே ரயிலேறி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்கக்கூட அவனுக்கு ஒழியவில்லை.

சர்பத்தில் போட விதை பறிக்கலாம் என்று கொல்லைக்குப் போனவன், முகம் சிவக்கத் திரும்பி வந்தான்.

"கதிரையெல்லாம் கிள்ளிப் போட்டு வெச்சிக்கீறே. அப்பறம் விதை எப்படி வரும்?"

"விதை வுட்டா செடி காஞ்சிடுங்க. கிள்ளினாத்தான் தழைஞ்சு நிக்கும்."

"விதையும் வேணாம்னா, இன்னாத்துக்கு அதோட மாரடிக்கிறே?"

ஹபீபா ஊசியில் நூலைக் கோத்தாள்.

"கபர் மேல நடறதுக்குங்க. அது பச்சையா நிக்கிற வரைக்கும் உள்ள கீறவங்களுக்கு வேதனை கொறையும்னு எங்க அத்தா சொல்லுவாரு."

பஷீருதீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம வூட்ல யாரு செத்துட்டாங்க இப்போ?"

"எனக்குப் பெருநாள் கழியறது சந்தேகம்னு டாக்டரு சொல்லிட்டாருங்க. அன்னிக்கு செடி தேடி அலைய உங்களுக்கு ஏது நேரம்? அதான், எனக்கு வேண்டியதை நானே வளத்து வெச்சிட்டேன்."