இடப்பக்க விரிசல்

தலைக்கவசம் போட்டுச் சைக்கிள் ஓட்டுபவர் ஜெர்மன் சுற்றுலாக்காரராகத்தான் இருப்பார் என்பது அந்த டச்சுக் கிராமத்தின் கேலி. வீபேயின் குடும்பத்தில் யாரும் அதை அணிந்ததில்லை. அதில் அவர்களுக்குப் பெருமையும் இருந்தது. மகள் யெல்ட்யே பாலத்துச் சரிவில் சைக்கிளிலிருந்து விழுந்து, தலையின் இடப்பக்கம் அடிபட்டுப் பேச்சையும் நடையையும் இழந்த பிறகு, வீபே ஒன்று வாங்கினார். நிமிர்ந்த முதுகோடு அதை அணிந்தே அவளைப் பார்க்கச் சிகிச்சை மையத்துக்குக் கிளம்பினார்.

"என்ன வீபே, ஜெர்மன்காரனாயிட்டியா?" என்றார் பக்கத்து வீட்டு ஃபொப்பே.

"ஆமா. உன் தலையிலயும் ஒண்ணு மாட்டு. அப்புறம் சிரி."

வழியில் அவர் எங்கும் விழவில்லை. ஆனால் மையத்தின் வாசலில் கழற்றியபோது தலைக்கவசத்தின் இடப்பக்கம் விரிசல் விட்டிருந்தது. உள்ளே யெல்ட்யே, விபத்துக்குப் பின் முதன்முறையாக, "தண்ணி" என்றாள்.

புதிதாக வாங்கினார். அதுவும் அதே இடத்தில் வெடித்தது. அன்று அவள், "உக்காருங்கப்பா" என்றாள். வீபே மேலும் வாங்கினார்.

ஒரு மாலை ஃபொப்பே கதவைத் தட்டினார். கையில் இருந்த அவருடைய தலைக்கவசத்திலும் இடப்பக்கம் விரிசல்.

"ரொட்டிக் கடைக்குத்தான் போனேன் வீபே. விழவே இல்ல."

"தெரியும்," என்றார் வீபே. "இன்னிக்கு அவ எந்திரிச்சு நின்னா. நாளைக்குள்ள வேற ஒண்ணு வாங்கிடு."