தோசைக்கல்லில் சுட்ட சப்பாத்தி

மனநல மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து, மனநிலை காட்டும் தமயந்தியின் கைப்பட்டை சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. பச்சை வந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நம்பிய அவள் கணவன் குமரகுரு, பார்க்க வரும்போதெல்லாம் இனிக்க இனிக்கப் பேசினான். இன்று வாய் தவறிவிட்டது.

"உன் தோசைக்கல்லுல சப்பாத்தி சுட்டேன் தமா."

"என்னது? பழக்கி வச்ச கல்லுங்க அது! இனிமே தோசை எடுக்க வருமா? அறிவிருக்கா உங்களுக்கு?"

பட்டை செக்கச்செவேலென்று எரிந்தது. எல்லாம் கெட்டது என்று பதறி, அதைக் கையால் பொத்தினான். நர்ஸ் ஓடிவந்து அவன் விரல்களை விலக்கிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"கோபம் வந்திருக்கு சார்! இத்தனை நாளா எதுவுமே வரலியே. வீட்டுக்கு அனுப்பறதப் பத்தி டாக்டர்கிட்ட பேசறேன்."

தமயந்தி கணவனை முறைத்தாள்.

"நான் வர்ற வரைக்கும் அந்தக் கல்லத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்."