கண் இருக்கும்போதே

பரஞ்சோதி ஓவியத்தைக் கைவிட்ட வருடத்தில்தான் மனைவி பூங்கோதைக்குப் பார்வை குறையத் தொடங்கியது. இரண்டு கண்காட்சிகளில் அவருடைய படங்களின் முன்னால் யாரும் நிற்கவில்லை. தனக்கு வராத ஒன்றை இத்தனை காலம் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்ததாக நினைத்தார். பாதியில் நின்ற ஆற்றுப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். இனி மருந்தால் பயனில்லை என்று மருத்துவர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் பூங்கோதை அந்தப் படத்தை இழுத்துத் திருப்பினாள்.

“இதை முடிச்சிடுங்க.”

“நல்லா வரல கோதை.”

“வராட்டிப் போகுது. எனக்குக் கண்ணு இருக்கறப்பவே முடிங்க.”

மறுநாள் தூரிகையை எடுத்தபோது கை கூசியது. வழக்கமாக, பிடிக்காததை உடனே அழித்துவிடுவார். இப்போது அழிக்க நேரமில்லை. காலையில் அவள் முகத்தைப் படத்தருகே கொண்டுபோய், “இங்க தண்ணி ஓடுது” என்பாள். பிறகு ஒருநாள், “கொஞ்சம் வெளிச்சமா போடுங்க” என்றாள். அவர் மஞ்சளைக் கூட்டினார். அதற்கப்புறம் அவள் எதுவும் சொல்வதில்லை.

படம் முடிந்ததும் அவளை அழைத்தார். கதவைத் தடவியபடி வந்தவள், படத்துக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் சுவரைப் பார்த்து நெடுநேரம் நின்றாள்.

“ரொம்ப நல்லாயிருக்குங்க.”

அவர் சத்தம் வராமல் படத்தைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ஈர வண்ணம் உள்ளங்கையில் ஒட்டியது.

“அடுத்து என்ன வரையப் போறீங்க?” என்று அவள் கேட்டாள்.