குலுங்கும்போது சிரிக்க வேண்டும்

இடுப்பில் செருகியிருந்த செல்போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. சங்கத் தலைவி எடுக்கவில்லை.

விமான நிலைய வாசலில் அரசு விமான நிறுவனத்தின் பணிப்பெண்கள் சீருடையோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பதைத் தாண்டிய முகம் நாட்டின் முகமாக இருக்க லாயக்கில்லை என்று மூத்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது நிர்வாகம். அவர்களைத் திரும்ப எடுக்கும்வரை ஒரு விமானமும் கிளம்பாது.

நாட்டின் மானம் கப்பலேறுகிறது என்று மேலாளர் வந்து கத்திவிட்டுப் போனார்.

"விமானம்தான் இல்லையே சார், கப்பல்லயாவது ஏறட்டும்!" என்றது பின்வரிசை.

எல்லாரும் சிரித்தார்கள். தலைவிக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், செருப்பைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். இருப்பே கொள்ளவில்லை.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த ஆள் வந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

ஊரில் அப்பாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறதாம். சாயங்காலம் தாண்டாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டாராம். அந்த ஊருக்குப் போவது இவர்கள் விமானம் மட்டும்தான். அதை ஒன்றை மட்டும் விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

பாவம், ஒன்றை விட்டால்தான் என்ன என்று பக்கத்திலிருந்தவள் தலைவியின் காதைக் கடித்தாள்.

ஒன்றை விட்டால்? மேலாளர் அதற்குத்தானே காத்துக்கொண்டிருக்கிறார். ஒன்று பறந்தால் அடுத்ததும் பறக்கும். வீட்டுக்குப் போனவர்கள் போனவர்கள்தான். அதில் பாதிப் பேர் வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது.

முடியாது என்று தலையசைத்தாள். அசைத்தபடியே சிரித்தாள்.

ஐயோ, அந்தச் சிரிப்பு! விளம்பரப் பலகையில் இருக்கிற அதே சிரிப்பு. பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்: விமானம் குலுங்கினால் எல்லாரும் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள், உயிரே போனாலும் சிரி. இத்தனை வருடப் பழக்கம், கேட்காமலே வந்து உட்கார்ந்துகொண்டது.

பயணிகள் செல்போனைத் தூக்கிப் படமெடுத்தார்கள். சிரிக்கிறாளே பாவி, இவளெல்லாம் ஒரு பெண்ணா என்று ஒருவர் காறித் துப்பினார்.

அவன் மட்டும் திட்டவில்லை. அந்தச் சிரிப்பையே பார்த்தான். கண் கலங்கியது. கும்பிட்ட கையை இறக்கிக்கொண்டு கிட்டே வந்தான்.

"போனையாவது எடு, அக்கா. அப்பா உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காராம்."