கூப்பிட்டால்தான் வரும்

கும்மிடிப்பூண்டி கம்பெனி கேன்டீனில் சுகிர்தா சாப்பிட உட்கார்ந்ததும், அவள் நாவல்களை வெளியிடும் சரவணகுமார் சென்னையிலிருந்து போன் செய்தார்.

"ஆறாவது பாகம் வேணாம்மா. வேற யாரையாவது புதுசா எழுதச் சொல்றேன்."

"ஏன் சார்?"

"புதுவாயல்ல வீடு வீடா அலைஞ்ச உன் காட்டேரி இனிமே எப்படி வரும்? வீட்டுக்காரங்க வான்னு கூப்பிட்டாதான் உள்ள வரும். எல்லா பேய்க்கதையிலயும் இருக்கிற அதே பழைய விதி. உன் ஹீரோயின் அஞ்சு பாகமா கூப்பிடவே இல்ல. ஜெயிச்சுட்டா. கதை முடிஞ்சுது."

"கூப்ட்டா சார்."

"எங்க? நாலு தடவ ப்ரூஃப் பாத்தவன்மா நான்!"

"அஞ்சாம் பாகத்துல கடைசிப் பக்கம் எடுங்க. தோத்துப்போன காட்டேரி வாசல்ல நின்னு இன்னா சொல்லுது?"

பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது.

"'போய்ட்டு வரேன்'னு சொல்லுது. கிளம்பும்போது எல்லாரும் சொல்றதுதானே?"

"கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி அவ இன்னா சொல்றா?"

சரவணகுமார் வாய்விட்டுப் படித்தார்.

"'சரி, போய்ட்டு வா.'"

அந்த 'வா'வை மட்டும் இன்னொரு தடவை படித்தார்.

"அடிப்பாவி! ஒருத்தர் கண்ணுலயும் படலயே!"

"ஒரு வருஷமா யாராச்சும் கண்டுபிடிப்பாங்களான்னு பாத்துக்கினு இருக்கேன் சார்."

"ஆறாம் பாகத்தை எப்பம்மா அனுப்புவ?"

ஷிஃப்ட் மணி அடித்தது. சுகிர்தா சிரித்தபடி எழுந்தாள்.

"ஞாயித்துக்கிழமை அனுப்பறேன். இப்ப வேலைக்குப் போய்ட்டு வரேன் சார்."

"சரி, போய்ட்டு..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.