ஆறு ஐம்பதுக்கு ஒரு தட்டு

காலை ஆறு ஐம்பதுக்குத் தட்டின் படம் வந்தது. சுட்ட மீன் ஒரு துண்டு, சோயா விழுது கரைத்த மிசோ சூப், நூற்றிருபது கிராம் சோறு, வேகவைத்த கீரை. அதற்கு ஒரு நிமிடம் முன்பே எடையும் வந்திருந்தது.

மினோரி பல் துலக்கிக்கொண்டே செல்பேசியைப் பார்த்தாள். தினமும் அப்படித்தான். அவள் பொறுப்பில் இருந்த பத்துப் பேரில் நேரம் தவறாதவர் தொக்குரா சட்சுகி. ஐம்பத்தேழு வயது, தொயாமா கடலோரத்தில் வீடு.

ஐம்பத்து நான்கு கிலோ. துலக்குவதை நிறுத்திவிட்டாள்.

ஆறு மாத எடைக் குறைப்புப் பயிற்சி அது. பிப்ரவரியில் அறுபத்தெட்டில் தொடங்கி ஏப்ரல் கடைசியில் அறுபத்து மூன்றுக்கு வந்திருந்தார் சட்சுகி. மே மாத விடுமுறையில் மூன்று நாள் எதுவும் வரவில்லை. நான்காம் நாள் அறுபத்தாறு. 'விடுமுறையில் நல்ல விருந்தோ?' என்று எழுதிச் சிரித்துவைத்தாள் மினோரி. 'மன்னிக்கவும்' என்று ஒற்றைச் சொல் வந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தச் சரிவு. தட்டு மாறவில்லை. அவள் கணக்கிட்டுக் கொடுத்த அதே அளவு, அதே கிண்ணம். அதைச் சாப்பிடுகிறவர் இப்படி இளைக்கக் கூடாது. ஒன்று, உள்ளே ஏதோ நோய். இல்லை, தன் கணக்கில் பிழை.

மருத்துவரைப் பார்க்கச் சொல்லி நான்கு முறை எழுதிவிட்டாள். 'நலம். சிரமம் கொடுக்கிறேன், மன்னிக்கவும்' என்றே பதில். மே மாதத்திலிருந்து முகம் பார்த்துப் பேசவும் மறுத்துவிட்டார், கேமரா பழுதாம். தொலைபேசியை எடுப்பதும் இல்லை.

அலுவலகத்தில் மேலாளர் குராஹாஷி சட்சுகியின் எடை வரைபடத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"இளைக்கணும்னுதானே சேர்ந்தாங்க? இளைச்சா அதுக்கும் அழறியா?"

"பதினோரு வாரத்துல பன்னெண்டு கிலோ மேடம். பயமா இருக்கு. நேர்ல போய்ப் பாத்து நிறுத்திடறேன்."

"இன்னும் நாலே நாள். முப்பத்தொண்ணு தாண்டிட்டா உனக்குப் பத்துக்குப் பத்து, வேலை நிரந்தரம். இன்னிக்கு நிறுத்தினா நடுவுல விட்டதாத்தான் எழுதுவாங்க. ஒருத்தர் குறைஞ்சாலும் உன்னை வெச்சுக்க மாட்டாங்கன்னு தெரியுமில்ல?"

"அந்த நாலு நாளுக்குள்ள அவங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு."

மதியம் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினாள் மினோரி. ஜன்னலில் கடல் வந்துபோனது. அவள் பார்க்கவில்லை. பிப்ரவரியில் நடந்த முதல் பேச்சுதான் திரும்பத் திரும்ப வந்தது.

அவளுக்கு அவர்தான் முதல் ஆள். நடுக்கத்தில், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாள். "நீங்க நடுவுல விட்டுட்டீங்கன்னா என் வேலையும் போயிடுங்க."

திரையில் சட்சுகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அடிப்பாவி. அப்போ என் வயித்தோட உன் வேலையையும் சேத்துக் கட்டிட்டாங்களா?"

அந்தச் சிரிப்புக்குத்தான் மே மாதத்திலிருந்து முகமே இல்லை.

வீட்டைக் கண்டுபிடித்து மணியை அழுத்தினாள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. இன்னொரு முறை அழுத்தினாள். உள்ளே விழுந்து கிடக்கிறாரோ என்று கதவில் காதை வைத்தாள். மெதுவாகச் செருப்பு இழுபடும் ஓசை வந்தது.

திறந்தவர் ஆண். அறுபது வயதிருக்கும். சட்டை வேறு யாருடையதோ போலத் தொங்கியது. இடுப்பு வாரில் ஆணியால் குத்திய புதுத் துளைகள் மூன்று.

"நான் சட்சுகி அம்மாவோட உணவு ஆலோசகர், மினோரி. அவங்க எப்படி இருக்காங்க? நான் இப்பவே பாக்கணும்."

அவர் முகம் வெளிறியது. தப்பு செய்து பிடிபட்டவர்போலத் தலை குனிந்தார்.

"நாலு நாள் இருக்கேம்மா. அதுக்குள்ள வந்துட்டீங்களே."

அவர் வழிவிட்டார். காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே போனவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கறுப்புச் சட்டமிட்ட படத்தில் சட்சுகி சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்கு முன்னால் காலையில் வந்த தட்டு. மீன், கீரை, நூற்றிருபது கிராம் சோறு. ஒரு பருக்கை குறையவில்லை.

"மே மாசம் நாலாந்தேதி என் வீட்டுக்காரி விழுந்தா. மூளையில ரத்தக் கசிவு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்தா, அவ்வளவுதான்."

மினோரி அவர் பக்கம் திரும்பினாள். "அப்போ... தினமும் வர்ற எடை?"

"என்னோடதுதான். படம் எடுக்கறதுக்கு முந்தி எடை மெஷின்ல ஏறி நிக்கறது அவ பழக்கம். நானும் ஏறி நின்னேன். அளவெல்லாம் உங்க தாளைப் பாத்துத்தாம்மா வெக்கறேன், பிசகல. சமைச்சு அவ முன்னால வெச்சுடுவேன். எனக்குத்தான் இறங்க மாட்டேங்குது."

"யாருக்காகங்க இதெல்லாம்?"

அவர் படத்தைப் பார்த்தார், பிறகு அவளை.

"ஆஸ்பத்திரியில ஒரு தடவைதான் கண்ணு முழிச்சா. அவ கடைசியா பேசினதே அதுதாம்மா. 'ஆறு மாசம் முடியற வரைக்கும் நீங்களே அனுப்பிடுங்க, நடுவுல நின்னா அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்.'"