முசாபர்கானாவின் பின்சுவர்

"மணலை ஜாஸ்தி போட்டேன். சுண்ணாம்பைக் கம்மி பண்ணிட்டேன். தப்பு என்னுதுதான்."

பெருமாள் மேஸ்திரி இப்படிப் பட்டென்று ஒத்துக்கொள்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முசாபர்கானா கூடத்தில் கூடியிருந்த கமிட்டியின் தலைவர் ரஷீத் அஹமது கேட்பதற்காக வைத்திருந்த கேள்விகளுக்கெல்லாம் வேலையே இல்லாமல் போயிற்று.

ஆம்பூரை அடுத்த சின்ன ஊர் அது. வழிப்போக்கர்கள் தங்குவதற்காக எண்பது வருஷத்துக்கு முன்னால் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய முசாபர்கானா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் பெருமாள்தான் அதைப் பழுது பார்த்தார்.

இரண்டே வருஷம். போன வெள்ளிக்கிழமை பின்சுவரில் காரை பெயர்ந்து, கூடவே பத்துப் பன்னிரண்டு செங்கல்லும் சரிந்தது. உள்பக்கம் சுவரோரமாகத் தூங்கிக்கொண்டிருந்த நாலு வயது ஷஹீன் போய்விட்டாள்.

"பாவி! இந்தச் சுவத்தை நம்பித்தானே எம் பொண்ணைப் படுக்க வெச்சேன்!"

கதவருகே நின்று கத்தியவள் ஜஹீருன்னிசா. ஷஹீனின் தாய். முசாபர்கானாவின் பின்சுவரை ஒட்டியிருக்கும் தோல் மண்டியில் கூலி வேலை.

"இந்தச் சுவத்து ஜன்னல் வழியா அவளைப் பார்த்துக்கிட்டேதான் வேலை செய்வேன். பார்த்துக்கிட்டே இருந்தேனே... யா அல்லா!"

விழுந்து கிடந்த காரையில் ஒரு பிடி அள்ளி மேஸ்திரியின் மேல் வீசினாள். நெஞ்சில் பட்டுச் சிதறியது. அவர் தட்டிவிடக்கூட இல்லை. பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"முப்பது வருஷ வேலைக்காரர்னு உங்களை நம்பினோமே மேஸ்திரி!" என்றார் ரஷீத் அஹமது. "போலீஸுக்குப் போகலையேன்னு சந்தோஷப்படுங்க. இனிமே இந்தச் சுத்துவட்டாரத்துல நீங்க கரணை பிடிக்கக் கூடாது."

பெருமாள் சாந்து பூசும் கரணையை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

ஊருக்குக் கோபம் வந்துவிட்டால் எல்லோருமே இன்ஜினீயர்தான். "அந்தச் சாந்தைப் பார்த்தப்பவே எனக்குச் சந்தேகம்" என்றார் ஒருவர். ரிப்பேர் நடந்தபோது அவர் ஊரிலேயே இல்லை.

சுவரைச் சோதித்துப் பார்க்க வேலூரிலிருந்து ஓவர்சியர் கிருஷ்ணராஜ் வந்திருந்தார். எழுந்து வேகமாக வெளியே போனார். பஸ் நிற்கும் புளியமரத்தடியில் மேஸ்திரியைப் பிடித்துவிட்டார்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க மேஸ்திரி?"

"இன்னா பொய் சார்?"

"மத்த மூணு சுவத்துக்கும் அதே சாந்துதானே? குத்திப் பார்த்தேன், ஆணி இறங்க மாட்டேங்குது. பின்சுவர் மட்டும் மாவா உதிருது. அந்தச் செங்கல் பொடியை நாக்குல வெச்சுப் பார்த்தேன். ஒரே உப்பு!"

பெருமாள் பஸ் வரும் திசையைப் பார்த்தார்.

"நானும் வெச்சுப் பார்த்தேன் சார். குழந்தையை எடுத்துக்கினு போனப்புறம்."

"தெரிஞ்சுமா? தோல் அழுகாம இருக்கத் தடவுற உப்பை மண்டியில உதறி, சுவரோரமா குவிச்சு வெச்சிருக்காங்க. ரெண்டு மழைக்குக் கரைஞ்சு செங்கல்லுக்குள்ள ஏறிப்போச்சு. நீங்க எந்தச் சாந்து பூசியிருந்தாலும் நின்னிருக்காது. வாங்க, கமிட்டியில நான் சொல்றேன். உங்க பேரு ஏன் கெடணும்?"

"வேணாம் சார்." பெருமாள் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க. அந்தச் சுவத்தை முழுசாப் பிரிச்சுப் புதுக் கல்லு வெச்சுக் கட்டச் சொல்லுங்க. உப்புக் குவியலையும் தூரமா மாத்தச் சொல்லுங்க. ஆனா உப்பாலதான் விழுந்துச்சுன்னு மட்டும் வாயைத் திறக்காதீங்க. வண்டி வர்றதுக்கு வழி வேணும்னு சொல்லிடுங்க."

கிருஷ்ணராஜுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மண்டிக்காரர் பெரிய மனுஷன்னு பயமா? அவரைக் காப்பாத்த நீங்க பட்டினி கிடக்கணுமா?"

"அவரைப் பத்தி எனக்கு இன்னா சார்?"

"பின்னே?"

"உப்புன்னு சொன்னா, அங்க கொட்டினது யாருன்னு கேப்பாங்க."

"யாரு?"

குடியாத்தம் பஸ் வந்து நின்றது. பெருமாள் படியில் காலை வைத்தார். சட்டையில் அந்தக் காரைப் பொடி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"தோலை உதறி உப்பைக் கொட்டறது அந்தம்மாதான் சார். மண்டியில எங்க வேணா உட்காரலாம். பொண்ணு கண்ணுல பட்டுக்கினே இருக்கணும்னு, ரெண்டு வருஷமா அந்த ஜன்னலாண்டயே உட்கார்ந்து உதறிச்சு."